லாசரஸ் மாமா வர வேண்டாம்

டெல்லி, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். ஆய்வகத்தில்தான் வேலை இல்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் புற்றுநோய் ஆய்வு மையத்துக்கு அரசு நிதி ஒப்புதலானது என்றுதான் சொன்னேன். நீங்களோ தாம்பரம் சபையில் எழுந்து, பணமே வந்துவிட்டதாகச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். பணம் வரவேயில்லை அப்பா. மருந்துச் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் சாட்சியை நம்பி, பக்கத்து வீட்டு லாசரஸ் மாமா தொண்டைக் கட்டியோடு இங்கே வர டிக்கெட் எடுத்திருக்கிறார். கெஞ்சிக் கேட்கிறேன், எப்படியாவது தடுத்துவிடுங்கள். நேற்று அவரே போன் செய்தார்.

"பிளஸ்ஸி, உனக்கு என்னம்மா கொண்டு வரட்டும்?" என்றார், கம்மிய குரலில்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மாங்காய் ஊறுகாய் என்று சொல்லிவிட்டேன்.

பிளஸ்ஸி