நாகம் வருமுன் வந்த பால்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய தேவண்ணை,

உங்களுடைய ஆண்டு நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் மகள் கேட்டாள். உங்கள் நல்ல குணங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் நமக்குள் தீராமல் கிடக்கும் வழக்கை எழுதுகிறேன். நீங்கள் பாதியில் எழும்பிப் போனது சரியில்லை. எதிராளி இல்லாமல் ஒரு மனிதன் எப்படி வாதாடுவது?

வாசிப்பவர்களுக்காக முன்கதை கொஞ்சம். சுவிஸின் லுசேர்ணில் ஒரே ஹோட்டல் சமையலறையில் இருவரும் வேலை செய்தோம். ஊரில் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு இருவருக்கும் தொலைக்காட்சியைப் போடவே மனம் வரவில்லை. அந்தக் கோடையில் நீங்கள் என்னைப் பாம்புச் சந்தை ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். திரும்பும்போது என் மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் விஷமில்லாத சிறிய பாம்பு. ரயிலில் பக்கத்தில் இருந்த அம்மா அது பேக்கரியில் வாங்கிய பாண் என்று நினைத்தா.

ஒன்று ஐந்தாயிற்று. நீங்கள் அனுமதி எடுத்து விரியன்கள் வளர்த்தீர்கள். நான் நூலகத்தில் ஜெர்மன் புத்தகங்களை எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. நீங்களும்தான்.

நானும் ஒரு விஷப்பாம்பு வளர்க்கலாம் என்று வந்தபோதுதான் அந்த ஆறு வருடச் சண்டை தொடங்கியது. எனக்கு நாகம் வேண்டும் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"டேய் தம்பி, முதல் விஷப்பாம்பு உனக்குப் பிடிச்ச பாம்பா இருக்கக்கூடாது. பிடிச்சதுக்குக் கிட்டப் போவாய்."

அமெரிக்காவில் இருக்கும் செம்பு நிற விரியனை எடு என்றீர்கள். சின்ன உடம்பு, இலைச்சருகுக்குள் நாள் முழுக்கப் படுத்திருக்கும், கடித்தால் நோவு பெரிது ஆனால் ஆள் தப்ப வழி உண்டு. நாகமோ சுறுசுறுப்பு, பெட்டி திறந்தால் முதலில் அதுதான் வெளியே பார்க்கும்.

"பதினைஞ்சு வருசமா பாம்பு வளக்கிறன். எனக்குத் தொடக்கப் பாம்போ?" என்றேன், சண்டையின் ஆறாம் வருடத்தில்.

"பதினைஞ்சு வருசமா நீ விட்ட பிழை எல்லாத்தையும் அதுகள் மன்னிச்சிருக்கு. அது பாம்பின்ர நல்ல குணமடா. உன்ர கெட்டித்தனமில்லை."

அந்த வார்த்தை இன்னும் சுடுகிறது. ஒரு மாதம் உங்களோடு கதைக்கவில்லை. பிறகு உங்கள் நெஞ்சுவலி வந்து எல்லாவற்றையும் முடித்து வைத்தது.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். என் பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகளோடு குந்தியிருந்து விஷப்பாம்பு வளர்ப்பவர்களுக்கான பயிற்சியை முடித்தேன். பரீட்சையிலும் தேறினேன். நாகத்துக்கு அனுமதி கேட்டு அரசாங்க அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். அறையின் வரைபடத்தை மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் அனுப்பினேன். சின்ன அறைக்கு ஒரு பூட்டு, புதுக் கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு பூட்டு போட்டேன்; கடித்தால் எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு முதலில் அழைப்பு, எல்லாம் எழுதிக் கதவில் ஒட்டினேன். ஒருவர் குறை சொல்லட்டும் பார்க்கலாம் என்று இருந்தேன்.

பார்வையிட அந்த அலுவலகத்திலிருந்து ஒரு இளம் பெண் வந்தாள், வெள்ளிக்கிழமை காலையில். மரியாதையான பிள்ளை. பூட்டை இழுத்துப் பார்த்தாள், தலையாட்டினாள். "சாவி யாரிடம் இருக்கிறது?" என்றாள். "என்னிடம் மட்டும்" என்றேன். பெட்டியைத் திறந்தேன்.

பாம்பே வராத பெட்டி, அண்ணை. உள்ளே தண்ணீர்க் கிண்ணத்தில் பால். பக்கத்தில் மூன்று செவ்வந்திப் பூ, ஒரு கோழிமுட்டை.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது நீங்கள் வைத்ததா?" நான் வாய் திறக்க முதல் என் மனைவி புவனா வாசலில் வந்து நின்று, தன் ஜெர்மனில் பெருமையாகச் சொன்னாள்: "நான் வைத்தது. இன்றைக்கு வெள்ளி."

மேலதிகச் சாவியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தேன். எங்கள் வீடுகளில் காணி உறுதிப் பத்திரம் முதல் கார்ச் சாவி வரை அங்கேதானே இருக்கும்? அதைவிடப் பத்திரமான இடம் எது என்று நினைத்தவன் நான். வரைபடத்தில் அந்த ஆணியை நான் கீறவில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. இந்த நிலையில் அனுமதி இல்லை.

வீடு அதிரச் சத்தம் போட்டேன். "எடியே, என்ர பதினைஞ்சு வருசத்தை ஒரு கிண்ணம் பாலில கரைச்சுப் போட்டாய்!"

"நாகதம்பிரான் சாமி வரப்போற இடம். வெறும் பெட்டியாவோ வைக்கிறது?"

"பாம்பு உள்ள இருந்தாலும் திறந்திருப்பியோ?"

"ஏன் திறக்காம? குளிச்சிட்டுத்தானே போவன்."

நான் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே போட்டேன்.

"அது கடிக்குமடி."

"கும்பிடுறவளைக் கடிக்காது. நீங்கள் நாள் முழுக்கப் பெட்டியளுக்குள்ள கையை விடுறியள். உங்கட கையைக் காப்பாத்தச் சொல்லித்தானே வெள்ளிக்கு வெள்ளி அவரிட்டக் கேக்கிறனான்? இந்தக் கையில ஒரு கீறல் இருக்கோ? சொல்லுங்கோ!"

கீறல் இல்லைத்தான். எத்தனை புத்தகம் படித்தேன், அதில் ஒன்றிலாவது குளித்துவிட்டுப் பாம்பிடம் போகும் மனைவியைப் பற்றி எழுதியிருந்ததா? வேகம், விஷம், பெட்டி, பூட்டு என்று நீங்களும் நானும் ஆறு வருடம் சண்டை பிடித்தோமே, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டோமா? அவளுக்கு நாகத்தின் மேல் பயமே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே நாகம் இருந்திருந்தாலும் அவள் கையை விட்டுப் பால் வைத்திருப்பாள்.

பிறகு அந்தச் செம்பு விரியனின் படத்தை எடுத்து அவளிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்.

"இதென்ன, எங்கட ஊர்ப் புடையன் பாம்பு மாதிரி?"

"ஓம், விரியன் குடும்பம்தான்."

"சீ! இதுக்கு ஆர் பூ வைக்கிறது? கொண்டு வந்தியளெண்டா அந்த அறைப் பக்கமே நான் வரமாட்டன்."

"வராத. அதுதான் வேணும்."

"கதவடியில நிண்டு உங்களைப் பாத்துக்கொண்டு நிப்பன். நாகமெண்டா கண்ணை மூடிக் கும்பிட்டிருப்பன். இதெண்டா கண்ணை மூட மாட்டன்."

நேற்றுப் புது விண்ணப்பம் எழுதினேன். இனம் என்ற இடத்தில் விரியனின் பெயரைப் போட்டேன். சாவி ஒன்றுதான், அது என் கழுத்துச் சங்கிலியில் என்றும் எழுதினேன். நான்காம் தரமாக வரைபடமும் அனுப்புகிறேன். இதிலும் பிழை பிடித்தால் ஐந்தாம் தரமும் அனுப்புவேன்.

உங்கள் பேச்சைக் கேட்டு எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சொன்ன காரணம் எனக்கு இன்றைக்கும் பிழையாகத்தான் படுகிறது. நீங்கள் என் கையை நினைத்துச் சொன்னீர்கள். நான் அவள் கையை நினைத்து எழுதினேன்.

புவனா இருக்கும் வீட்டுக்குள் நாகத்தைக் கொண்டு வரமாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு, அவளுக்கு இதைச் சொல்லப் போவதில்லை. தம்பி குணம் தோற்றான் என்று மட்டும் அங்கே எவரிடமும் கதைத்துவிடாதீர்கள்.

வின்டர்தூரிலிருந்து,
உங்கள் சொற்கேளாத் தம்பி
குணம்