இடவலம் மாறிய படம்

திருச்செங்கோடு
2025 நவம்பர் 9, ஞாயிறு, காலை 11.20.
ஆறாவது முறை ஆன் செய்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புள்ள ரஞ்சனி,

நலம்தானே? உங்கள் கடையில் சேலை டிசைன்களைச் சுவரில் காட்ட வாங்கிய புரொஜெக்டரைச் சோதிக்கச் சொன்னாய். சோதித்தேன். குமட்டுகிறது.

பெட்டியில் ‘ஃபோர் கே’ என்று போட்டிருக்கிறான். அந்த அளவு வீடியோவை வாங்கிக்கொள்ளுமாம், காட்டாதாம். சுவரில் விழுவது அதில் கால்வாசிகூட இல்லை. ஜன்னலைத் திறந்தால் படம் செத்துப்போகிறது. அரக்குச் சிவப்பு காய்ந்த ரத்தம். ஃபேன் சத்தம் எங்கள் போர்வெல் ரிக் கம்ப்ரசருக்குத் தம்பி.

இன்னொரு கேவலம்: பென் டிரைவில் கடைசிப் படம் இடவலம் மாறித் தெரிகிறது. பார்டரில் புழு ஊர்ந்த மாதிரி கிறுக்கல். வரைந்தவருக்கு இனி வேலை கொடுக்காதே. பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது. இந்தக் குப்பையைப் பார்சலில் அனுப்புகிறேன், வாங்கின இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடு.

தை பிறக்க இன்னும் எவ்வளவு நாள்! மாமாவுக்கு வணக்கம்.

உன்
கந்தவேல்


இளம்பிள்ளை
நவம்பர் 12

அன்புள்ள உங்களுக்கு,

பார்சல் வந்ததுங்க. கடிதத்தையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தீர்கள். அப்பாதான் பிரித்தார், தறிக்காரர்கள் நடுவே சத்தமாகப் படித்தார். “மாப்ளைக்கு வாய் கொஞ்சம் நீளமுங்கோ” என்று மாதையண்ணன் சிரித்தார்.

மிஷின் குப்பைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படம் மாறவில்லை. எங்கள் தறியில் சேலையைக் கவிழ்த்துத்தான் நெய்வோம். மேலே தெரிவது பின்பக்கம். அதனால் எழுத்தைத் திருப்பித்தான் வரைய வேண்டும். கிறுக்கல் என்றீர்களே, அது உங்கள் பெயரும் என் பெயரும். நம் முகூர்த்தச் சேலை. பத்தொன்பது நாள் உட்கார்ந்து நான் வரைந்தது.

வேலை கொடுக்காதே என்றீர்கள். சரிங்க. இரண்டு பெயரையும் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை டிசைனைத் தறி அட்டையில் துளையாக அடிக்கக் கொடுக்கிறோம். வெறும் கோடு போதும்.

ரஞ்சனி


திருச்செங்கோடு
நவம்பர் 13

ரஞ்சனி,

படத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டேன். படிக்க முடிந்தது. கொடிக்கு நடுவில் இரண்டு பெயர்.

ஒரு மிஷினை ஆறு முறை சோதித்தவனுக்கு, ‘இது என்ன?’ என்று உன்னை ஒரு முறை கேட்கத் தோன்றவில்லை. பெட்டிமேல் பொய் எழுதினவனைத் திட்டினேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதின நான் மட்டும் என்ன? அருவருப்பு இப்போது என்மேல்தான்.

கந்தவேல்

சனிக்கிழமை செய்யப்போவது:

1. முதல் பஸ்ஸில் வருவேன்.
2. தறிகளை நிறுத்தச் சொல்லி, இந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் நானே படிப்பேன். மாதையண்ணன் சிரிக்கட்டும்.
3. தறிக்கு அடியில் குனிந்து, அதில் இருக்கும் ஏதாவது ஒரு சேலையின் முன்பக்கத்தைப் பார்ப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.
4. பெயர்களைத் திரும்பப் போடுவாயா என்று ஒரே முறை கேட்பேன். கோடு போதும் என்றால், அந்தக் கோட்டை அட்டை அடிக்கும் இடத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.