அம்மாவுக்கு மட்டும் மணத்த பெட்ரோல்

ஞாயிறு, இரவு

இன்று நடந்ததை, என் பிழையையும் சேர்த்து, மறைக்காமல் எழுதப்போகிறேன்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற, மடுல்கெல்லையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், எங்கள் வேனில் பெட்ரோல் மணக்கிறது என்று பின் சீட்டில் இருக்கும் அம்மா சொல்வார். முன்னால் இருந்த எனக்கும் அப்பாவுக்கும் மணக்கவில்லை. அந்த மருந்தால் இல்லாத மணமும் தெரியலாம் என்று எங்கோ படித்திருந்தேன். அதைச் சொன்னதும் அப்பா நம்பிவிட்டார். குளிருமென்று பின் கண்ணாடிகளை மூடியதும் நான்தான். கடைசி இரண்டு தடவையும், "அந்த வேன்ல என்னால ஏற முடியாது" என்று அம்மா போகவே இல்லை. பஸ்ஸில் போக அவருக்குத் தெம்பில்லை.

நேற்று வேனை வாடகைக்கு ஓட்டி ஹயர் போன இடத்தில் பின் சீட்டில் படுத்த அப்பாவுக்கே மணத்திருக்கிறது. இன்று பிலிமத்தலாவை கராஜில் மெக்கானிக் ரிஸ்வி நானா பெட்ரோல் டேங்கிக்குள் புகை அடித்துப் பார்த்தார். பின் சீட்டுக்கு அடியிலிருந்து நூல் போலப் புகை வந்தது.

"பெட்ரோல் ஒழுகல்ல அண்ணன். டேங்கிக் குழாய்ல வெடிப்பு விழுந்து ஆவி மட்டும் வருது. பின்னுக்கு இருக்கிறவங்களுக்குத்தான் மணக்கும். ஒருத்தரும் சொல்லலயா?"

"அவ சொன்னா. நாங்கதான் காதுல வாங்கல" என்றார் அப்பா.

குழாயை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப என் மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ படிச்சதத்தானே சொன்ன பாப்பா" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். தவறிப்போன இரண்டு தடவையைப் பற்றி மூவரும் பேசவில்லை. டாக்டர் கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வேன்?

அப்பா லைட்டை அணைத்துவிட்டார்.