அண்ணன் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்ன நாள்

என் பிரியமான நைனாவுக்கு,

ஓடி வந்து சொல்ல வேண்டிய செய்தி இது. ஓடி வரும் தூரத்தில் நீங்கள் இல்லை, எழுதுகிறேன். நேற்று செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் நம் சேகர் அண்ணனுக்கு என்னைக் கார்டியனாகப் போட்டுவிட்டார்கள்.

நீங்கள் கண்ணை மூடிய எட்டாம் மாதம் பெரியப்பா ஒரு காகிதத்தோடு வந்தார். நம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கப் போவதாகப் பேச்சு. வீட்டையும் நிலத்தையும் எங்கள் இருவர் பேரிலும் நீங்கள் எழுதி வைத்தது அவருக்குத் தெரியும். அண்ணனின் பாதியைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள ஒரு கைரேகை போதும். அண்ணனுக்கு முப்பது வயது. அவனுடைய ஆறு வயது மனசு பத்திரத்துக்குத் தெரியுமா? அன்று நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதால் வந்து தடுத்தேன். மறுநாளே வக்கீலைப் பார்த்து மனுப் போட்டேன்.

ஜட்ஜே அண்ணனை நேரில் பார்த்துக் கேள்வி கேட்பார் என்றார் வக்கீல். நம் தெருவுக்கு இது போதாதா? அடுத்த வீட்டு எஸ்தர் அக்கா பாடம் ஆரம்பித்துவிட்டார்.

“சேகரு, இன்னிக்கு இன்னா கெழம? டக்குனு சொல்லு. பேய் மாதிரி முழிச்சிக்கினு நிக்காத, அங்க சிரிப்பாங்க.”

நானும் சேர்ந்துகொண்டேன், நைனா. அத்தனை புத்தகம் படித்தவளுக்கு அது உறைக்கவில்லை. நாலு பேர் முன்னால் அவன் தலை குனியக் கூடாது என்ற ஒரே நினைப்பு. ரயிலில்கூட ஒப்பிக்க வைத்துக்கொண்டே போனேன்.

பேர், வயது, கிழமை, ஜில்லா. ஜட்ஜ் கேட்டதற்கெல்லாம் அண்ணன் கணீரென்று பதில் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியப்பா எழுந்தார். “அத்தத்தாங்க நானும் சொல்றேன். எந்தம்பி புள்ள தெளிவாத்தான் கீறான். இந்தப் பொண்ணுதான் நாலெழுத்து படிச்சிட்டு ஆடுது.”

வக்கீல் என் பக்கம் குனிந்தார். “ஏம்மா, இவரால முடியாதுன்னு மனு போட்டுட்டு, எல்லாம் முடியும்னு பாடம் நடத்திக் கூட்டினு வந்துகிறியே.”

அப்போதுதான் புரிந்தது. மனு தள்ளுபடியானால் சாயங்காலமே பெரியப்பாவின் காகிதம் அண்ணன் முன்னால் இருக்கும்.

ஜட்ஜ் கொஞ்ச நேரம் அண்ணனையே பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் மைப்பெட்டியையும் அவன் பக்கம் நகர்த்தினார். “இதுல ஒரு ரேகை வைக்கிறீங்களா?”

அண்ணன் உடனே வைத்தான். சந்தோஷமாக நிமிர்ந்து, “இந்தக் கையும் வேணுமா சார்?” என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனா இவர் எங்கேம்மா இருப்பார்?” என்று ஜட்ஜ் என்னிடம் கேட்டார்.

“என்னக் கேட்டு வர்றவங்க எங்கண்ணனையும் சேத்துத்தாங்க கேக்கணும்.” எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது?

கோர்ட் அனுமதி இல்லாமல் அண்ணன் பங்கை இனி யாரும் வாங்கவோ விற்கவோ முடியாது, நைனா. நான் உட்பட.

திரும்பும்போது அண்ணன் கேட்டான். “கார்டியன்னா இன்னா?”

“உன்னப் பாத்துக்கறவங்க.”

“அது நைனா இல்ல?”

ரயில் மீஞ்சூர் தாண்டும் வரை அவன் கட்டைவிரல் மையைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் இடத்தில் நான் உட்காரவில்லை, நைனா. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இனி அவனுக்குப் பதில்களைச் சொல்லித்தர மாட்டேன். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், நானே நீட்டினாலும், “எதுக்கு?” என்று கேட்கச் சொல்லித்தருவேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

உங்கள் மகள்,
சேகரின் தங்கச்சி