வெள்ளித் தட்டில் வந்த கட்டைவிரல்

பாய், இன்று காலை உங்கள் கட்டைவிரல் கடைக்கு வந்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. விரல் மட்டும் மயிலாப்பூரில் ஆட்டோ பிடித்து, ரங்கநாதன் தெருவின் ஒரு கோடி ஜனத்தையும் பிளந்துகொண்டு, நம் சந்துக்கு வழி கேட்காமல் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் ஒரு மாமி. சீர் வைக்கிற வெள்ளித் தட்டு. நாம் மெருகேற்றி, கறுக்காமல் இருக்கக் கண்ணாடிப் பூச்சு அடித்துக் கொடுத்ததுதான். தட்டு பௌர்ணமி மாதிரி பளபளத்தது. ஓரத்தில் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு ரேகை.

"யாரோ மை தடவிக் கைநாட்டு வெச்சாப்ல இருக்கே, மாமா. எத்தனை தேச்சாலும் போக மாட்டேங்கறது. ஞாயித்துக்கிழமை ஆத்துல பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்."

எப்படிப் போகும்? கறை பூச்சுக்கு அடியில் அல்லவா இருக்கிறது. வெறும் வெள்ளியை யாரோ தொட்டிருக்கிறார். வியர்வைக்கு மேலேயே பூச்சு ஏறிவிட்டது. அந்த மகாபாவி யாரென்று கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். ரேகையின் குறுக்கே பிறை போல ஒரு வெட்டு. மெருகுச் சக்கரம் உங்கள் விரலைக் கடித்த தடம்.

எமதர்மன் வந்து தொட்டான் என்றால் நம்பியிருப்பேன். நீங்களா?

தண்ணீரை அதிரவைத்து அழுக்கு நீக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியின் இரைச்சல் நின்றதும் நம் பட்டறையில் ஊரடங்கு அமலுக்கு வரும். கையுறை இல்லாதவன் மேசைப் பக்கம் மூச்சுவிடக்கூடாது. "இப்ப அது குளிச்ச கொழந்த நைனா, பவுடர் போட்டு சொக்கா மாட்டற வரிக்கும் எவனும் கை வெக்காதே" என்பீர்கள். அலசிக் காயவைத்த ஒவ்வொன்றையும் ஜன்னலுக்குத் தூக்கி, 'ஹா' என்று ஊதிப் பார்ப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரல் தடம்கூட அந்த மூச்சுப் படலத்தில் பல்லை இளித்துவிடும். "இன்னா நைனா, உன் ஜாதகமே இதுல கீது. மறுபடி தொட்டில போடு." கூட்டாளி என்ற இரக்கம் துளியும் கிடையாது. வீட்டில் பூரி சாப்பிடும்போதுகூட என் விரல்கள் உங்களை நினைத்து நடுங்கும்.

தட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. உங்கள் போன் அடித்தது. கையுறை விரலுக்கு அந்தத் திரை மசியவில்லை. இரண்டு கையுறையையும் உருவி எறிந்தீர்கள். மருமகன் என்ன சொன்னாரோ, அந்தக் கனத்த உடம்பு பம்பரமாகச் சுற்றியது. "நைனா, பொண்ணு. பேத்தி பொறந்துகீது." ஒரு கையில் போன், மறு கையில் இந்தத் தட்டு. காயவைக்கும் விசிறிக்கும் சேதி சொன்னீர்கள், தொட்டிக்கும் சொன்னீர்கள். பிறகு ஊதிப் பார்க்காமலேயே பூச்சை அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். உங்கள் ஆட்சியில் ஊதாமல் வெளியே போன ஒரே பொருள் இதுதான்.

மாமியிடம் சொன்னேன். தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி அந்தக் கறையை இன்னொரு முறை பார்த்தார்.

"பேத்தி பொறந்த சந்தோஷத்துல வெச்ச கையா? அப்ப இருந்துட்டுப் போகட்டுமே. வெத்தலையால மறைச்சுண்டுடறேன்."

"நெஜமாவா மாமி?"

"உங்க இஷ்டம். பாண்டி பஜார் வரைக்கும் போயிட்டு வரேன்."

கறையை எடுத்துத் தரமாட்டேன் என்று அடம்பிடிக்க ஏழு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் வீணாகிவிட்டது. முடிவு என் தலையில் விழுந்தது. டீ ஆறி ஏடு கட்டியது. உங்கள் தொப்பியையும் கண்ணாடியையும் வீட்டார் எடுத்துப் போய்விட்டார்கள். இந்தக் கடையில் உங்கள் உடம்பு தொட்டு மிஞ்சியிருப்பது இதுதான். வைத்துக்கொள் என்றது மனசு. ஆனால் விரல் தடத்தோடு ஒரு பொருள் நம் வாசல் தாண்டினால், வேறு யாரைவிடவும் முதலில் கூசிப்போவது நீங்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பழைய பூச்சைத் தின்னரில் கரைத்தேன். சக்கரத்தில் கொடுத்தேன். சக்கரவர்த்தியின் முத்திரை போல அத்தனை மிடுக்காக இருந்த ரேகை, சக்கரத்தின் துணி பட்டதும் சத்தமில்லாமல் போய்விட்டது. பிறை வெட்டுதான் கடைசியாகப் போனது. மெருகு அழுக்கு போகத் தொட்டியில் இறக்கினேன். மாம்பலம் ஸ்டேஷன் மொத்தமும் உள்ளே இறங்கித் தேய்ப்பது போல அதே இரைச்சல். அலசி, காயவைத்து, கையுறை மாட்டிய கையால் எடுத்தேன்.

இப்போதெல்லாம் நான் எதைக் கண்டாலும் ஊதுகிறேன், பாய். ஹோட்டல் டம்ளர், லிஃப்ட் கதவு, பேரன் வாங்கிய சைக்கிள் மணி. வீட்டில் என்னைக் கொல்லன் துருத்தி என்கிறார்கள்.

பூச்சு அடிக்கும் முன் தட்டை ஜன்னலுக்குத் தூக்கி ஊதினேன். பாலாடை போல மூச்சு படிந்தது, விலகியது. எங்கேயும் ஒரு ரேகை இல்லை. வேலை சுத்தம்.

உங்கள் சட்டப்படி ஒரு முறை ஊதினால் போதும். நான் இன்னொரு முறை ஊதிப் பார்த்தேன்.