இத்தாவில் எடுத்த படம்

2005 மார்ச் 8, செவ்வாய்

காலையிலேயே வெயில். கூடாரத்துக்குள் இருக்க முடியவில்லை. தம்பி கட்டாரிலிருந்து அனுப்பிய டிஜிட்டல் கமரா வந்தது. சவர்க்காரக் கட்டி அளவு. விளக்கப் புத்தகம் முழுக்க இங்கிலிஷ், படங்களைப் பார்த்தே பழகினேன். பொத்தானைப் பாதி அமுக்கினால் பச்சைச் சதுரம். முழுக்க அமுக்கினால் படம். பிடிக்காவிட்டால் குப்பைத்தொட்டி அடையாளம், அழிந்துவிடும். ஃபிலிம் செலவு மிச்சம். பற்றரிதான் தின்கிறது. அந்தச் செலவைக் கணக்கில் எழுதியாயிற்று.

மார்ச் 10, வியாழன்

பக்கத்துக் கூடாரத்துப் பரீனா. டிசம்பர் சுனாமியில் புருஷனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து இத்தாவில் இருக்கிறாள், விதவைக்குரிய நாலு மாதம் பத்து நாள் ஒதுக்கம். அந்நிய ஆண் அவள் முகம் பார்க்கக் கூடாது. நிவாரண வீட்டுக்கு மனுக் கொடுக்க முகப்படம் கேட்கிறார்கள். இத்தா முடிய மே மாதமாகும், மனு அதுவரை நிற்காது. என்னை அக்கா முறையில் ராத்தா என்பாள்.

"ராத்தா, நீங்க எடுங்க. ஒரு ஆம்பிளைட கண்ணும் படப்படாது."

"ஓம் புள்ள. இதில நெகட்டிவே இல்ல."

பிளாஷ் பட்டு முதல் மூன்றிலும் கண் சிவப்பு. அழித்தேன். நாலாவது நல்லது.

"என்ன புள்ள, அழுத மாதிரி விழுந்திரிக்கி."

"அழுததுதானே ராத்தா." சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு.

மார்ச் 14, திங்கள்

வானம் மப்பு. பஸ்ஸில் கல்முனை. ஸ்டூடியோவில் கணினிக்கு ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்றுதான் அங்கே போனேன். முதலாளியை வெளியே நிற்கச் சொன்னேன்.

"என்ட கடையில நானே வெளிய நிக்கணுமாம்!" ரோட்டில் போனவனிடம் சொல்லிச் சிரித்தான்.

படங்கள் கிடைத்தன. கமராவின் மெமரி கார்டைத் திருப்பி வாங்கி முந்தானையில் முடிந்தேன். கார்டு கையில், இனி யாரிடம் என்ன இருக்கிறது? அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 18, வெள்ளி

காற்று. புழுதி. ஜும்ஆ முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார், முகம் சரியில்லை. ஸ்டூடியோக் கண்ணாடியில் பரீனாவின் படமாம். பெரிதாக்கி, கீழே "டிஜிட்டல் படங்கள் உடனுக்குடன்" என்று எழுதி.

போனேன். மீன்கடைக்குப் போகிறவனெல்லாம் நின்று பார்க்கிறான்.

"நல்லா விழுந்திரிக்கே ராத்தா, அதுதான் போட்ட. கார்ட நீங்க கொண்டு போனாலும் கம்பியூட்டர்ல கிடக்கும்தானே." முதலாளி பல்லைக் குத்திக்கொண்டே சொல்கிறான். "நிவாரணத்துக்கு வந்த வெள்ளக்காரனும் ஒரு கொப்பி எடுத்துட்டுப் போனான். அழுத மூஞ்சிதான் அவனுகளுக்கு வேணும்."

சீ. கண்ணாடியைத் திறந்து கிழித்தெடுத்தேன். கணினியிலும் அழிக்கவைத்தேன். அழித்தானோ, அழிக்கிற மாதிரிக் காட்டினானோ. எனக்கென்ன தெரியும்? இந்தக் கமராவையே கடலில் எறியலாம் போல. கூடாரத்துக்கு வந்து கை கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

அஸர் தொழுதுவிட்டுப் பரீனாவிடம் போனேன். முழுவதும் சொன்னேன், வெள்ளைக்காரன் கொண்டுபோன கொப்பியையும்.

"எத்தின பேர் பாத்திரிப்பாங்க, ராத்தா?"

கமராவை எடுத்து, அவள் கண் முன்னாலேயே குப்பைத்தொட்டி அடையாளத்தை அமுக்கினேன்.

"இந்தா பாரு புள்ள, இதில அழிஞ்சிட்டு."

"இதில," என்றாள்.