ஸ்ரூடியோத் தொப்பி

1934 செப். 17, திங்கள்

சோளகக் காற்று அடங்கிவிட்டது. ஒரே புழுக்கம். நான் படிப்பிக்கும் ஏழாம் வகுப்புச் சுவருக்குச் சீமைத் தொப்பிகள் வரையும் வேலை. பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் துரைசாணி தந்த பழைய புத்தகங்களைப் பார்த்து இதுவரை முடித்தவை: சீமாட்டிகளின் கூம்புத் தொப்பி, இறகு செருகிய அகலத் தொப்பி, முக்கோணத் தொப்பி. நெட்டைத் தொப்பிக்கு இன்னும் கறுப்புத் தீட்டவில்லை. பொய்முடியும் பாக்கி. பிரான்சில் ஒரு ராசாவுக்கு முடி கொட்டியதாம், உடனே அரண்மனை முழுக்கப் பொய்முடியாம். தனியே இருந்து சிரித்தேன்.

மாலை, கொழும்பு மாப்பிள்ளையின் படம் வந்தது. கோட்டு, கழுத்துப்பட்டி, தொப்பி. சாதகம் பொருந்திவிட்டது, நான் சம்மதம் சொல்வதுதான் மிச்சம். மூக்குக்கு மேலே எல்லாம் தொப்பி நிழல். ஆளையே தெரியவில்லை.

18, செவ்வாய்

அந்தத் தொப்பியை எங்கோ பார்த்த நினைவு. எழும்பியதும் சுவரில் தொங்கும் அண்ணையின் கலியாணப் படத்தைப் போய்ப் பார்த்தேன். அதேதான்! நாடாவில் அதே கிழிசல், விளிம்பில் பூச்சி அரித்த அதே இடம். யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கொடுக்கிற தொப்பி. மாப்பிள்ளை நல்லூர்த் திருவிழாவுக்கு லீவில் வந்தபோது எடுத்திருப்பார்.

தொப்பி இல்லாத படம் வேண்டும் என்றேன்.

அண்ணை: "உனக்கென்ன விசரே? தலையைப் பாத்து என்ன செய்யப்போறாய்? உத்தியோகத்தைப் பார்."

"நான் உத்தியோகத்தையோ கட்டப்போறன்?"

"உன்ரை சட்டைக்குப் பலூன் மாதிரி ஊதின கை, அது எந்த ஊர் வழக்கம்? நீ மட்டும் சீமை உடுப்புப் போடலாமோ?"

"என்ரை சட்டைக்கை முகத்தை மறைக்கேல்லை, அண்ணை."

இது மூன்றாவது சம்பந்தம். இதுவும் குழம்பினால் அண்ணை இனி மாப்பிள்ளை தேடி ஒரு வாசலும் மிதிக்கமாட்டாராம். அம்மா அழுதார். எனக்கும் அழுகைதான், காட்டவில்லை. வாழ்நாள் முழுக்கச் சோறு போட்டுக் கொடுக்கப்போகிற முகம். ஒரு தொப்பிக்கு நான் கழுத்தை நீட்டமாட்டேன்.

19, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ்ஸில் யாழ்ப்பாணம். வீட்டில் சொல்லவில்லை. ஸ்ரூடியோக்காரரிடம் அந்தத் தொப்பியைக் கேட்டேன்.

"பிள்ளை, உது ஆம்பிளையளின்ரை தொப்பி."

"தெரியும். தாங்கோ."

"பொம்பிளையளுக்குப் போட்டு நான் படம் எடுத்ததில்லை."

"இண்டைக்கு எடுங்கோ."

உள்ளே எண்ணெய் மணம், ஊர்ப்பட்ட தலைகளின் எண்ணெய். கொண்டைக்கு மேலே நிற்கவில்லை, அமுக்கிப் பிடித்தேன். இரண்டு படம். ஒன்று தொப்பியோடு, மற்றது வெறும் தலையோடு.

22, சனி

படங்கள் கைக்கு வந்தன. நல்ல வடிவாகத்தான் இருக்கிறேன், தொப்பியோடும்.

மாப்பிள்ளை படத்தின் பின்பக்கம் விலாசம் இருந்தது. தொப்பிப் படத்தை அனுப்பிவிட்டேன். பின்னால் எழுதியது: "இது ஸ்ரூடியோத் தொப்பி. தங்கள் தலையைக் காட்டும் படம் அனுப்பவும்." மற்றப் படம் என் பெட்டியில்.

இரவுச் சாப்பாட்டின்போது நானே சொன்னேன். அண்ணை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். "குடும்பத்தின்ரை மானத்தைத் தபாலிலை போட்டிட்டாய்" என்றார். போட்டதற்கு எனக்குக் கவலை இல்லை. பயம் மட்டும் இருக்கிறது.

25, செவ்வாய்

பதில் இல்லை. அண்ணை கதைப்பதில்லை. நெட்டைத் தொப்பிக்குக் கறுப்புத் தீட்டினேன். பொய்முடியும் முடிந்தது.

27, வியாழன்

காலை சிறு தூறல். தபால்.

படம். தொப்பி இல்லை, கோட்டும் இல்லை. வேட்டி, சால்வை. நெற்றி உச்சிவரை போய்விட்டது. காது பெரிது. கண் நேரே பார்க்கிறது, கொஞ்சம் பயந்த கண். பின்னால்: "இதுதான் தலை. மறைத்தது பிழை. மனம் இருந்தால் தங்கள் தலையையும் அனுப்பவும்."

எனக்குப் பிடித்துவிட்டது. இதில் எழுத என்ன வெட்கம்.

அண்ணை எட்டிப் பார்த்தார். ஒன்பது நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு வெற்றி. "மொட்டை! இதுக்கோ இவ்வளவு கூத்தும்? சரி, வேண்டாமெண்டு நான் எழுதிவிடுறன்."

பெட்டியைத் திறந்து என் மற்றப் படத்தை எடுத்தேன்.

"நீங்கள் ஒண்டும் எழுதவேண்டாம் அண்ணை. ஒரு தபால் முத்திரை தாங்கோ."